கேட்டடியில் நின்ற தேர்

இந்த கேட்டை எப்போது திறப்பான் என்று நினைக்கிறீர்கள்? நான் சொல்கிறேன். ரயில் போக வேண்டும், அதன் சத்தம் அடங்க வேண்டும், உள்ளே இருக்கிற ஆள் கொட்டாவி விட்டு எழுந்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான். அதுவரைக்கும் நாம் உட்கார்ந்திருக்கிற இந்த பஸ், லாரி, கல்யாணக் கார் எல்லாம் நிற்க வேண்டியதுதான். என்ன அவசரமாக இருந்தாலும் சரி.

எனக்கு இன்றைக்கு அவசரம். ஜங்ஷனில் விசாரணை. நான் போய்ச் சொன்னால்தான் ஆயிற்று. நீங்கள் எங்கே, ஆஸ்பத்திரிக்கா? கையில் தூக்குச்சட்டியைப் பார்த்தேன். யாருக்கு, வீட்டம்மாவுக்கா? சரியாகிவிடும். கவலைப்படாதீர்கள்.

என்ன விசாரணையா? வாகைநேரி ரயில் விபத்து கேள்விப்பட்டிருப்பீர்களே. பேப்பரில் வந்ததே, சவ ஊர்வலத்தில் ரயில் மோதியது என்று. அந்த வாகைநேரிதான் எனக்கு ஊர். ஊர்வலமும் எங்களுடையதுதான். போனவர் என் பெரியண்ணன். இல்லை இல்லை, விபத்தில் போகவில்லை, அவர் முந்தின நாளே காலமாகிவிட்டார். வயசாளி. நல்ல சாவு. அப்புறம் நடந்ததைத்தான் ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதினார்கள். போட்டோ போட்டார்களே, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் கையைத் தூக்கி நிற்கிற மாதிரி. நான்தான். என் பெயர் கோமதிநாயகம். பெயரைக்கூட ஒழுங்காகப் போடவில்லை, 'ஊர்வலத்தினர்' என்று போட்டிருந்தார்கள். இரண்டு தடவை வார்டு மெம்பராக இருந்தவன் நான். ஊர்வலத்தினராம்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சுரங்கப்பாதை. அதை முதலில் சொல்ல வேண்டும், அப்போதுதான் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் தண்டவாளம். என் தாத்தா காலத்திலிருந்து அங்கே ஒரு கேட் இருந்தது. இதே மாதிரி. நாங்களும் இப்படித்தான் நிற்போம். ஆனால் அது எங்கள் கேட், பழகிவிட்டது. ஒருநாள் வந்தார்கள், கேட்டை மூடப்போகிறோம், அதற்குப் பதில் அடியில் சுரங்கப்பாதை என்றார்கள். நான் அப்போது மெம்பர். அந்த இன்ஜினியரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "சார், இது குளத்தங்கரை மண்ணு. ஒரு முழம் தோண்டினா ஊத்து வரும். இங்க பள்ளம் போட்டா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நீச்சலடிச்சுத்தான் போகணும்." கேட்டுக்கொண்டார். சிரித்தார். போட்டார். முதல் மழையிலேயே கழுத்தளவு தண்ணீர். ஒரு வேன் மாட்டி, கயிறு கட்டி இழுத்தோம். மோட்டார் வைத்து இறைக்கிறோம் என்றார்கள். மோட்டார் வந்தது. இரண்டு மாதத்தில் அதுவும் தண்ணீருக்குள் போய்விட்டது.

அப்படியானால் ஜனங்கள் எங்கே போவார்கள்? மாவடி கேட்டைச் சுற்றிப் போகலாம் என்கிறார்கள். போகலாம். டீசல் யார் ஊற்றுவது? அதனால் பழைய கேட் இருந்த இடத்தில் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ரயில்வேக்காரர்கள் வழியை மறித்து இரும்புத்தூண் நட்டிருந்தார்கள். அதில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற தூணை அப்படியே விடலாமா? பிள்ளைகள் மேல் விழுந்தால்? பிடுங்கி ஓரமாக வைத்தேன். வேலிக்குப் போடுகிற கல்தூண் கொஞ்சம் என் தோட்டத்தில் சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்து தண்டவாளத்துக்கு உள்ளேயும் வெளியேயும் மட்டமாக அடுக்கினேன். சைக்கிள், மோட்டார் பைக் எல்லாம் குலுங்காமல் ஏறி இறங்கும். ஊரே வாழ்த்தியது. வாழ்த்தியவன் ஒருத்தனும் இன்றைக்கு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான், அது வேறு கதை.

லைனில் நடந்துபோய்ப் பார்க்கிற ஒரு ஆள் உண்டு, கீமேன் என்பார்கள். ஞானதிரவியம் என்று பெயர். அவன்தான் எனக்கு முதல் எதிரி. நான் கல்லை அடுக்குவேன், அவன் புரட்டிப் போட்டுவிட்டுப் போவான். நான் மறுபடி அடுக்குவேன். ஒருநாள் நேருக்கு நேர் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்பா, ஒனக்கு வேற சோலியே கெடையாதா?"

"இதான் அண்ணாச்சி என் சோலி. தண்டவாளத்துல கல்லு கெடந்தா எடுக்கணும்."

"இது கல்லு இல்லப்பா. பாதை."

"ரயிலுக்கு ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி," என்கிறான். எவ்வளவு திமிர் பாருங்கள். அவனுடைய மகள் காதுகுத்துக்குப் பந்தல், பாத்திரம் எல்லாம் என் கடையிலிருந்து போனது. அந்த நன்றி வேண்டாமா?

ஆமாம், பந்தல் கடை. வாகைநேரி வட்டாரத்தில் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம், ஜெனரேட்டர் எது வேண்டுமானாலும் என்னிடம்தான் வர வேண்டும். இறுதி ஊர்வலத்துக்குத் தேரும் உண்டு. டிரெய்லர் மேல் இரும்புச் சட்டம் கட்டி, நாலு பக்கமும் பூ அலங்காரம், உச்சியில் கலசம், சுற்றிலும் சிவப்புப் பட்டு. பட்டு மதுரையில் எடுத்தது. நம் ஊர்க் கடைகளில் அந்தச் சிவப்பு கிடைக்காது. டிராக்டரில் பூட்டி இழுத்தால் சாமி புறப்பாடு மாதிரி இருக்கும். டிராக்டர் ஓட்டுவது என் மாப்பிள்ளை சொரிமுத்து. கடையும் அவர்தான் பார்க்கிறார். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. 'வாங்க', 'போங்க' என்றுதான் பேசுவேன். இது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாப்பிள்ளைதான் இப்போது ஜெயிலில் இருக்கிறார்.

இந்தாப்பா கடலை, ஒரு பொட்டலம் கொடு. நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாமா? சரி.

பெரியண்ணன் போன அன்றைக்கு மழை. மறுநாள் வெறித்தது. அண்ணன் உயிரோடு இருக்கும்போது, "நாயகம், என்னை நாலு பேரு தூக்கிட்டுப் போனாப் போதும், ஒன் தேரு கீரெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அது அவருடைய அடக்கம். அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா? தேர் வாடகைக்கு விடுகிறவன் நான், என் அண்ணனே தேர் இல்லாமல் போனால் ஊர் என்ன சொல்லும்? முழு அலங்காரம். தோவாளையிலிருந்து பூ. செண்டை மேளம். வெடி ஒரு சாக்கு.

எடுக்கும்போதே மாப்பிள்ளை கேட்டார். "மாமா, சுரங்கப்பாதையில தண்ணி கெடக்கு. மாவடி கேட்டைச் சுத்திப் போயிருவமா?"

சுற்றிப் போனால் பொழுது சாய்ந்துவிடும். கூட வருகிற ஜனம் பாதி வழியில் கழன்றுகொள்ளும். செண்டைக்காரன் வேறு, வேறொரு ஊரில் கோயில் கொடைத் திருவிழா இருக்கிறது, சீக்கிரம் விட்டுவிடுங்கள் என்கிறான். நான் யோசித்தேன். ஞானதிரவியம் காலையில் வந்து கல்லையெல்லாம் புரட்டிப் போட்டிருந்தான். பையன்களை அனுப்பி மறுபடி அடுக்கச் சொன்னேன். இந்தத் தடவை டிராக்டருக்கு ஏற்ற மாதிரி அகலமாக. மாப்பிள்ளையிடம், "பழைய கேட் வழியாவே போலாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? பார்த்துக்கொள்வேன் என்று அர்த்தம். ஓட்டுங்கள் என்றா அர்த்தம்?

இப்போது ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம்? அங்கே இந்த வழக்கம் உண்டா தெரியவில்லை. எங்களில் பாதி வழியில் பாடையைத் திருப்புவார்கள். இறக்கி, தோளில் வாங்கி, தலைமாடு கால்மாடு மாற்றி வைப்பார்கள். போனவர் வீட்டு வழியை மறந்து சுடுகாட்டைப் பார்த்துப் போக வேண்டும் என்று. எங்கள் ஊரில் அதைத் திருப்புகிற இடம் கேட்டடி, அந்தப் பழைய கேட் இருந்த இடம். என் அப்பாவைத் திருப்பியது அங்கேதான், தாத்தாவைத் திருப்பியதும் அங்கேதான். ஏன் கேட்டடி என்று கேட்டால், அந்தக் காலத்தில் பாடை வரும்போது கேட் மூடியிருக்கும். ரயில் போகிற வரைக்கும் எப்படியும் நிற்க வேண்டும். சும்மா நிற்கிற நேரத்தில் திருப்பிவிடுவோம் என்று யாரோ ஆரம்பித்திருக்கிறார்கள். அப்படியே வழக்கமாகிவிட்டது. இப்போது கேட் இல்லை. கேட் இல்லை என்பதற்காக வழக்கத்தை விட்டுவிட முடியுமா?

அங்கேதான் ஒரு தகராறு. திருப்புகிற இடம் லைனுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இந்தப் பக்கம் சேறு, தோள் கொடுக்கிறவன் காலை ஊன்ற முடியாது. அந்தப் பக்கம் போய்விட்டால் அது சுடுகாட்டு எல்லை, அங்கே திருப்பக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் கல் அடுக்கின இடம் மட்டும்தான் காய்ந்து, மேடாக, சுத்தமாக இருந்தது. நான் அடுக்கினது. பார்க்கவே நன்றாக இருந்தது.

தேர் மேலே ஏறியது. டிராக்டர் லைனைத் தாண்டி இறங்கிவிட்டது, டிரெய்லர் சரியாக மேலே நின்றது. நான் முன்னால் நின்று கையைத் தூக்கினேன். கையைத் தூக்கினது தப்பா? வணக்கம் சொல்வதற்குக்கூடத்தான் கையைத் தூக்குகிறோம். அந்த நேரம் பார்த்து எவனோ செல்போனில் எடுத்திருக்கிறான். அதைத்தான் பேப்பரில் போட்டார்கள்.

மாப்பிள்ளை டிராக்டரிலிருந்து திரும்பிப் பார்த்து, "மாமா, இங்க வேண்டாம், தாண்டிருவோம்" என்று கத்தினார். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்டும் கேட்காமலும் இருந்தது.

"பாசஞ்சர் எப்பவோ போயிருக்கும் மாப்ள. நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

போயிருக்கத்தானே வேண்டும்? அது போகிற நேரம் தாண்டிவிட்டது. இத்தனை வருஷமாக அந்த வண்டியின் சத்தம் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள். அன்றைக்கு அது லேட். மழையாம், எங்கேயோ நிறுத்திப் போட்டார்களாம். ரயில் லேட்டாக வந்தது என் தப்பா? நேரத்துக்கு வந்திருந்தால் எங்களுக்கு முன்னாலேயே போயிருக்கும், அண்ணனும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பார். நான் இதைச் சொன்னால் மாப்பிள்ளைக்கு வைத்திருக்கிற வக்கீல் சிரிக்கிறார். நீங்களே சொல்லுங்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பாடையை இறக்கித் தோளில் வாங்கினோம். திருப்பினோம். வெடி போட்டார்கள். திருப்பி ஏற்றலாம் என்று பார்த்தால் டிரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ஒரு கல் விலகி, சக்கரம் தண்டவாளத்துக்கும் கல்லுக்கும் நடுவில் இறங்கிவிட்டது. மாப்பிள்ளை முன்னால் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. கீழே குதித்து, டிரெய்லரைக் கழற்றி டிராக்டரையாவது விடுவிக்கலாம் என்று கொக்கியோடு மல்லுக்கட்டினார். அப்போதுதான் வளைவில் சத்தம்.

சத்தம் கேட்டதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? இதைத்தான் நான் யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருக்கிறேன். தேர் மேல் ஏறி, அந்தச் சிவப்புப் பட்டை, மதுரைப் பட்டை, டர்ரென்று கிழித்தார். கிழித்து எடுத்துக்கொண்டு லைனிலேயே ஓடினார். ரயில் வருகிற திசையில். வண்டியை விட்டுவிட்டு! நான் கத்துகிறேன், "மாப்ள, வண்டி, வண்டி!" என்று. அவர் பட்டைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு ஓடுகிறார். இன்னும் ஒரு தடவை இழுத்துப் பார்த்திருந்தால் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ரயில் டிரைவர் இப்போது ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட காலோடு படுத்துக்கொண்டு, சிவப்பைப் பார்த்துத்தான் பிரேக் போட்டேன், இல்லாவிட்டால் வந்த வேகத்துக்கு இரண்டு மூன்று பெட்டி குளத்துக்குள் போயிருக்கும் என்று சொல்கிறாராம். சொல்வார். பட்டு அவருடையதா?

எங்கள் ஆட்கள் பாடையோடு உளுந்து வயலுக்குள் ஓடிவிட்டார்கள். எங்களில் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. தூக்கின பாடையைத் தரையில் வைக்கக்கூடாது. வைத்துவிட்டார்கள். சேற்றில். நான் அதற்கும் சத்தம் போட்டேன், அந்த நேரத்தில் யார் கேட்கிறார்கள்.

ரயில் வேகம் குறைந்துதான் வந்தது. தேரில் இடித்தது. இன்ஜினும் முதல் பெட்டியும் லைனை விட்டு இறங்கிச் சாய்ந்தன. டிராக்டர் எங்கேயோ போய் விழுந்தது. அடி பட்டவர்கள் நிறையப் பேர். ஒரு அம்மா இறந்துபோனார். யாரோ பூ விற்கிற அம்மாவாம். ரயில் பெட்டி வாசலில் உட்கார்ந்து வந்திருக்கிறார். பெயர்கூட ஞாபகமில்லை.

நான் சும்மா நின்றேனா? கடைக்குப் போன் போட்டு பெஞ்சு, ஜமுக்காளம் எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். அடிபட்டவர்களை பெஞ்சில் படுக்கவைத்து நானே ஒரு தலைமாட்டைத் தூக்கினேன். ஜெனரேட்டர் போட்டு லைட் எரியவிட்டோம். அத்தனையும் என் கடைச் சாமான். எத்தனை பெஞ்சு திரும்பி வரவில்லை தெரியுமா? அதை எந்தப் பேப்பர்க்காரன் எழுதினான்? ஞானதிரவியம் ஓடிவந்தான். நான் அவனைப் பார்த்து, "நீ கல்லைப் புரட்டாம இருந்திருந்தா பழைய மாதிரியே உறுதியா இருந்திருக்கும்ல" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? அவன் போய்ப் பெஞ்சின் கால்மாட்டைப் பிடித்தான்.

தேர்ப்பூவெல்லாம் லைன் முழுக்கச் சிதறிக் கிடந்தது. அந்த அம்மாவின் கூடைப்பூவும் கிடந்தது. எது எங்கள் பூ, எது அந்த அம்மாவின் பூ என்று தெரியவில்லை. மிதிக்காமல் நடக்க முடியவில்லை. எதற்குச் சொன்னேன் என்றால்... சரி, விடுங்கள்.

பெரியண்ணனைக் கடைசியில் ஒரு வேனில் ஏற்றி மாவடி கேட்டைச் சுற்றித்தான் கொண்டுபோனோம். நாலு பேர்தான் கூட வந்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போலீஸ் வந்து வண்டி ஓட்டினது யார் என்று கேட்டார்கள். மாப்பிள்ளை முன்னால் வந்து, "நான்தான்" என்றார். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கையில் அந்தப் பட்டு அப்போதும் இருந்தது, அதையும் சாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போலீஸ் கேட்டிருக்கிறது, யார் சொல்லி நிறுத்தினாய் என்று. வாயே திறக்கவில்லையாம். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் சொல்லி அவர் நிறுத்தியிருந்தால், அவர் சொல்லியிருக்க மாட்டாரா? சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? நான் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

இது என் மகளுக்குப் புரியவில்லை. பகவதி. ஒரே மகள். செல்லமாக வளர்த்தேன். சிறைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, வக்கீல் என்ன சொன்னாருன்னு தெரியுமா?"

"என்ன சொன்னான்?"

"அவர் தானா நிறுத்தினாருன்னா ஒரு மாதிரியாம். வேற ஆளு சொல்லி நிறுத்தினாருன்னா வேற மாதிரியாம். விசாரணையில அது வந்துட்டா ஜாமீன் கெடைச்சிருமாம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு. ஒரே ஒரு வார்த்தை."

"நான் எங்கம்மா சொன்னேன்? பாத்துக்கிடுதேன்னுல்லா சொன்னேன்."

"அதுக்கு என்னப்பா அர்த்தம்?"

"பாத்துக்கிடுதேன்னு அர்த்தம்."

"பாத்துக்கிட்டியளா?"

பார்த்தீர்களா, பேச்சை. பெற்ற அப்பனிடம். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். "மருமகனுக்கு நான் உத்தரவு போட முடியுமாட்டி? வாங்க போங்கன்னு மரியாதை குடுத்துப் பேசுதவன் நான். அது எப்படி உத்தரவாகும்?" என்று கேட்டேன். அவள் சொன்னாள், "கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரு ஒங்க பேச்சுக்கு ஒரு தடவைகூட மாட்டேன்னு சொன்னதில்ல. ஒங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இப்ப நீங்க சொல்லலைன்னா, நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்." பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றைக்கு ஜங்ஷனில் வந்து நிற்பாள். நான் என்ன சொல்கிறேன் என்று பார்ப்பதற்கு.

ரயில் விபத்தை விசாரிக்கிற பெரிய அதிகாரி வந்திருக்கிறார். விபத்தைப் பற்றி யாருக்கு என்ன தெரிந்தாலும் வந்து சொல்லலாம் என்று விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் சொல்வேன். சுரங்கப்பாதையைச் சொல்வேன், மோட்டாரைச் சொல்வேன், ஞானதிரவியத்தைச் சொல்வேன், லேட்டாக வந்ததைச் சொல்வேன். பேராச்சி வாசலில் உட்கார்ந்து வந்ததையும் சொல்வேன். ஆமாம், பேராச்சி. அந்தப் பூக்கார அம்மா. பெயர் சொன்னேனா? எங்கேயோ படித்திருப்பேன். மகன் பாலிடெக்னிக் படிக்கிறானாம். பெட்டியில் அன்றைக்குக் கூட்டம், உட்கார இடமில்லையாம். அதற்காக வாசலிலா உட்காருவது? யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

இன்னும் கேட் திறக்கவில்லை பார்த்தீர்களா. மணி என்ன? விசாரணை ஆரம்பித்திருப்பார்கள். இருங்கள், நான் இறங்கி அந்தக் கம்பிக்கு அடியில் குனிந்து போய், அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன். ரயில் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் காணோம். என் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்கிறேன். கண்டக்டர், என்ன சத்தம் போடுகிறீர்? நான் பார்த்துக்கொள்கிறேன் ஐயா.

ஒன்றுமில்லை, திரும்பி வந்துவிட்டேன். முழங்கால். குனிய முடியவில்லை. கொஞ்ச நாளாகவே தண்டவாளத்துப் பக்கம் போனால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. குளிர்ச்சியான இடம் பாருங்கள், ஜல்லிக்கல்லின் குளிர்ச்சி. தைலம் தேய்க்க வேண்டும்.

பார்த்தீர்களா அந்த ஸ்கூட்டர்க்காரனை? மனைவியும் கைக்குழந்தையுமாக வெயிலில் நிற்கிறானே என்று, கீழே இறங்கினபோது பாவப்பட்டுத்தான் சொன்னேன். "தம்பி, வண்டியைச் சாச்சுத் தள்ளிட்டுப் போயிரு. ரயில் வந்தா நான் சொல்லுதேன். நான் பாத்துக்கிடுதேன்." அதற்கு அவன் என்ன சொன்னான் கேட்டீர்களா?

"வேண்டாம் பெரியவரே. நீங்க வேணும்னா போங்க. நான் நின்னு போறேன்."

"ரயிலே காணோமேப்பா."

"காணோம்னா வரலைன்னு அர்த்தமில்ல."

அந்தப் பெண்பிள்ளை வேறு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு எப்படி இருக்கும்? வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாம்?

அதோ, வந்துவிட்டது. எக்ஸ்பிரஸ்ஸா? என்ன வேகம். ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், பஸ்ஸே ஆடுகிறது. இவ்வளவு நேரம் எங்கே இருந்தது இது? ஒரு சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை.

போய்விட்டது.

அந்த ஸ்கூட்டர்க்காரன் இங்கே ஏன் திரும்பிப் பார்க்கிறான்? நான் என்ன, தள்ளிக்கொண்டா போய்விட்டேன்? சொன்னேன், அவன் மாட்டேன் என்றான், முடிந்தது. அடித்தேனா, பிடித்தேனா? பாருங்கள், அவன் யாரோ, நான் யாரோ. இருந்தாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் நானும் சொல்கிறேன். இது மாப்பிள்ளைக்கு ஏன் தெரியவில்லை?

ஆமாம். நல்ல பாயிண்ட் கிடைத்தது. இதையே விசாரணையில் சொல்லப்போகிறேன். அதிகாரி முன்னால், வக்கீல் முன்னால், எல்லாரும் எழுதிக்கொள்ளட்டும். "ஐயா, தேரைத் தண்டவாளத்து மேல நிறுத்துங்கன்னு நான்தான் சொன்னேன். சொன்னா என்ன? இங்க நிறுத்த முடியாது மாமான்னு அவரு வண்டியை எடுத்துட்டுப் போயிருக்கலாமே. நான் என்ன டிராக்டருக்கு முன்னால படுத்தா மறிச்சிருப்பேன்?" இப்படி முகத்துக்கு நேராகக் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? அந்த வக்கீல் வாயடைத்துப் போவான். பாருங்கள்.

கேட்டைத் திறந்துவிட்டான். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், லைனில் ஏறும்போது தூக்கிப்போடும். பகவதி வந்து எதிரே நிற்கட்டும், அழட்டும், என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்வேன். அவள் கேட்கிற அந்த ஒரு வார்த்தை மட்டும் என் வாயிலிருந்து வராது.